இடது கையால் எழுதும் குழந்தையை ஏன் மாற்றக் கூடாது?

சகோதரி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். ஐந்து வயது மகள், பென்சிலை இடது கையில்தான் பிடிக்கிறாள். பள்ளியில் ஆசிரியை வலது கைக்கு மாற்றச் சொல்கிறார். வீட்டில் மாமியார், "நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போகிறவள், இப்போதே திருத்திவிடு" என்கிறார். நீங்கள் கடைசியாகக் கேட்டிருக்கும் வரிதான் என்னை எழுத உட்கார வைத்தது: "ஊரோடு ஒத்துப்போனால் அவளுக்குத்தானே நல்லது? எல்லாரும் ஒரே மாதிரி இருப்பதில் என்ன கெடுதல்?"

மாற்ற வேண்டுமா என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம்: வேண்டாம். என்ன கெடுதல் என்ற கேள்விக்குத்தான் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. நான் தொடக்கப் பள்ளிகளில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதில் முதல் சில ஆண்டுகள், உங்கள் மகளின் ஆசிரியை இன்று செய்வதையே நானும் செய்தேன். நல்ல எண்ணத்தோடுதான் செய்தேன்.

1986 என்று நினைவு. இரண்டாம் வகுப்பு. முதல் வரிசையில் ஒரு பையன், சிலேட்டுக் குச்சியை இடது கையில் எடுப்பான். நான் அடிக்கோலால் அந்தக் கையைத் தட்டுவேன். வலிக்கும்படி அடித்ததில்லை, நினைவூட்டுவதற்காகத் தட்டுவேன். நாலைந்து நாளில் அவனே ஒரு வழி கண்டுபிடித்தான்: எழுதும் நேரத்தில் இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வான். வலது கையால் எழுதிய எழுத்துகள் கோடு தாண்டி, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். ஆனாலும் எழுதினான். "பையன் திருந்திவிட்டான்" என்று நான் மகிழ்ந்தேன்.

ஒரு மாதம் கழித்துத்தான் இன்னொன்று கண்ணில் பட்டது. அவன் வகுப்பில் கையைத் தூக்குவதை நிறுத்தியிருந்தான். முன்பெல்லாம் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் கை மேலே போய்விடும். போவது இடது கை. அதையும் நான் ஒன்றிரண்டு முறை "அந்தக் கையை இறக்கு" என்று சொல்லியிருக்கிறேன். அவன் வலது கையைத் தூக்கக் கற்றுக்கொள்ளவில்லை. எந்தக் கையையும் தூக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டான். ஒரு நாள் மதிய இடைவேளையில் வேப்ப மரத்தடியில் தனியாக உட்கார்ந்து, குச்சியால் மண்ணில் ஒரு மாட்டு வண்டி வரைந்துகொண்டிருந்தான். இடது கையால்தான். சக்கரத்தில் ஆரக்கால்கள், நுகத்தடி, மூக்கணாங்கயிறு என்று ஒன்று விடாமல் வந்திருந்தது. என் காலடிச் சத்தம் கேட்டதும் படத்தைக் காலால் அழித்துவிட்டு எழுந்து நின்றான்.

அந்த ஆண்டு முடிவதற்குள் அவன் குடும்பம் வேலை தேடி வேறு ஊருக்குப் போய்விட்டது. பிறகு ஒரு பணியிடைப் பயிற்சியில் இதைப் பற்றி விவரமாகத் தெரிந்துகொண்டேன். செய்ததைத் திருத்த அவன் இல்லை. அவனுக்குச் செய்ய முடியாததை உங்கள் மகளுக்காவது செய்ய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தமிழில் நாம் "இடது கைப் பழக்கம்" என்கிறோம். அந்தப் "பழக்கம்" என்ற சொல்லே நம்மை வழி தவற வைக்கிறது. நகம் கடிப்பது பழக்கம். கை அப்படி அமைவதில்லை. பிரிட்டனில் செய்த ஓர் ஆய்வில், தாயின் வயிற்றில் கட்டைவிரல் சூப்பிய 75 குழந்தைகளை ஸ்கேனில் பார்த்து வைத்துக்கொண்டு, பத்துப் பன்னிரண்டு வயதில் மறுபடி பார்த்தார்கள். கருவில் வலது விரல் சூப்பிய 60 பேரும் வலக்கையராகவே வளர்ந்திருந்தார்கள். இடது விரல் சூப்பிய 15 பேரில் 10 பேர் இடக்கையர்கள். உங்கள் மகள் யாரையோ பார்த்துக் கெட்டுப்போகவில்லை. இன்னொரு விஷயமும் எனக்கு எப்போதும் வியப்பைத் தரும். ஒரே கருவிலிருந்து பிரிந்த, அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் இரட்டைப் பிள்ளைகளிலும், ஏறத்தாழ ஐந்து இணைக்கு ஓர் இணையில் ஒருவர் வலக்கையர், மற்றவர் இடக்கையர். ஒரே வித்து, ஒரே வயிறு, அப்படியிருந்தும் கை வேறு.

உலகம் முழுவதும் எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ பத்துப் பேரில் ஒருவர் இடக்கையர். 40 பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் நாலு பேர் இருக்க வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வகுப்புக்கு ஒருவர் தென்பட்டாலே அதிகம். மற்ற மூவர் எங்கே போனார்கள்?

அதற்கு விடை மேலை நாட்டுக் கணக்குகளில் இருக்கிறது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 1900-ஐ ஒட்டிப் பிறந்தவர்களில், இடக்கையர் என்று தெரிய வந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். பிறகு பள்ளிகள் கையைத் தட்டுவதை, கட்டிவைப்பதை விட்டுவிட்டன. நூற்றாண்டின் நடுவில் பிறந்தவர்களைக் கணக்கெடுத்தபோது அந்த எண்ணிக்கை பத்தைத் தாண்டிவிட்டது. மனிதர்களின் உடல் ஐம்பது ஆண்டுகளில் மாறிவிடவில்லை. முன்பும் அதே அளவு பேர் இருந்திருப்பார்கள். தொடைக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

எல்லாரையும் ஒரே மாதிரி ஆக்குவதில் என்ன கெடுதல் என்று கேட்டீர்களே, நான் முதலில் சொல்ல வேண்டியது இதுதான். வேறுபாட்டை நம்மால் அழிக்க முடியாது, மறைக்கத்தான் முடியும். சிறு வயதில் வலது கைக்கு மாற்றப்பட்ட இடக்கையர்கள் பெரியவர்களான பிறகு, அவர்கள் எழுதும்போது மூளை எப்படி வேலை செய்கிறது என்று படமெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். எத்தனையோ ஆண்டுகளாக வலது கையால் எழுதிய பிறகும், இடது கையை இயக்கும் மூளைப் பகுதி சும்மா இருக்கவில்லை. வெளியே மாறிவிட்டார்கள், உள்ளே மாறவில்லை. மறைத்து வைத்த ஒன்றைச் சுமந்துகொண்டே ஒவ்வொரு வரியையும் எழுதுகிறார்கள். வகுப்பறையில் அந்தச் சுமை மந்தமாக, கையெழுத்துக் கோணலாக, "இந்தப் பிள்ளைக்குப் படிப்பில் நாட்டமில்லை" என்ற ஒரு வரியாகத் தெரியும். நாம் சுமத்தியது அது. பழியைப் பிள்ளைமேல் போட்டுவிடுகிறோம்.

மறைந்த ஒன்றுக்கு யாரும் உதவியும் செய்ய முடியாது. கைத்தொழில் வகுப்பில் வண்ணத்தாள் வெட்டச் சொல்வோம். சாதாரணக் கத்தரிக்கோலை இடது கையில் பிடித்து வெட்டிப் பாருங்கள். வலது கையில் பிடித்தால், கட்டைவிரல் தரும் அழுத்தத்தில் இரண்டு அலகும் ஒன்றோடு ஒன்று நெருங்கும். இடது கையில் அதே அழுத்தம் அலகுகளை விலக்கும். தாள் வெட்டுப்படாமல் நடுவில் மடிந்து நிற்கும். வெட்டும் கோட்டை மேல் அலகு மறைத்துவிடும். இது தெரியாமல் ஒரு சிறுமியிடம், "உனக்குக் கைவேலை வராது" என்று சொல்லியிருக்கிறேன். இடது கைக்கென்று அலகை மாற்றிச் செய்த கத்தரிக்கோல் கடையில் கிடைக்கிறது. கதிர் அரிவாளின் பல்லும் வலது கையின் இழுப்புக்கு ஏற்பத்தான் வெட்டப்படுகிறது. கல்லூரிகளில் எழுதுபலகை பொருத்திய நாற்காலிகளைப் பார்த்திருப்பீர்கள். பலகை வலது பக்கம்தான். மூன்று மணி நேரத் தேர்வு முழுவதையும் உடம்பை முறுக்கிக்கொண்டே எழுதும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

"எல்லாருக்கும் பொதுவாக ஒன்று" என்று செய்யப்படும் பொருள் உண்மையில் எத்தனை பேருக்குப் பொருந்துகிறது? இதை அமெரிக்க விமானப்படை ஒருமுறை அளந்தே பார்த்தது. அவர்களுடைய விமானங்களில் விமானி உட்காரும் அறை, 1926-ல் எடுத்த சராசரி உடலளவுகளை வைத்துக் கட்டப்பட்டிருந்தது. விபத்துகள் கூடின. 1950-ல் 4,063 விமானிகளை அளந்தார்கள். கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் அதிகாரி அந்தக் கணக்குகளை எடுத்து, உயரம், மார்பளவு, கை நீளம் என்று பத்து அளவுகளைத் தேர்ந்தார். ஒவ்வோர் அளவிலும் நடுவில் இருக்கும் முப்பது விழுக்காட்டுக்குள் வந்தாலே "சராசரி" என்று தாராளமாக வைத்துக்கொண்டார். பத்து அளவிலும் சராசரியாக இருப்பவர் எத்தனை பேர் என்று எண்ணினார். ஒருவரும் இல்லை. 4,063 பேரில் ஒருவர்கூட இல்லை. எல்லாருக்குமாகச் செய்த இருக்கை யாருக்கும் சரியாகப் பொருந்தாத இருக்கையாக இருந்தது. அதன் பிறகு முன்னும் பின்னும் நகரும் இருக்கை, நீட்டிக் குறைக்கும் மிதி, இறுக்கித் தளர்த்தும் வார் எல்லாம் வந்தன. இன்று உங்கள் காரில் ஓட்டுநர் இருக்கையை நகர்த்திக்கொள்கிறீர்களே, அதுவும் இதே எண்ணத்தில் பிறந்ததுதான்.

நம் ஊரிலிருந்து ஒருவரைச் சொல்கிறேன், உங்கள் மாமியாருக்கு இது பிடிக்கும். மிருதங்க வித்துவான் பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) இடக்கையர். கச்சேரி மேடையில் பாடகரின் வலப்பக்கம் மிருதங்கம், இடப்பக்கம் வயலின் என்பது வழக்கம். அப்படி உட்கார்ந்தால்தான் மிருதங்கத்தின் வலந்தலை, அதாவது வழக்கமாக வலது கையால் வாசிக்கும் முகம், சபையைப் பார்த்து இருக்கும். இடக்கையர் வாசிக்கும்போது வலந்தலை மறுபக்கம் போய்விடுவதால், மிருதங்கமும் வயலினும் இடம் மாறி உட்கார வேண்டும். அவ்வளவுதான் பிரச்சினை. இரண்டு பேர் எழுந்து இடம் மாறுவது! அதற்குக்கூட உடன்படாத வித்துவான்கள் இருந்தார்கள். அந்த ஒரு காரணத்தால் அவருக்கு மேடைகள் தவறின. செம்பை வைத்தியநாத பாகவதர் அவர் பக்கம் நின்றார், தம் கச்சேரிகளில் வாசிக்க வைத்தார். பிறகு பாலக்காடு மணி ஐயரோடு சேர்த்துச் சொல்லப்படும் மேதையாகப் பழனி வளர்ந்தார். தொப்பி எனப்படும் மற்ற முகத்தில் அவர் எழுப்பிய கும்கி என்ற ஆழ்ந்த ஒலியை மிருதங்கம் வாசிப்பவர்கள் இன்றும் பேசுகிறார்கள்.

செம்பையைப் போல ஒருவர் குறுக்கிடாமல் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இழந்தது இன்னதென்றே தெரிந்திருக்காது. ஒரே மாதிரி இருக்கச் சொல்லும் சமூகத்தின் நட்டம் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. பழனி நமக்குத் தெரிகிறார். மேடை கிடைக்காமல் போனவர்கள் நமக்குத் தெரிய மாட்டார்கள்.

விளையாட்டில் இது இன்னும் வெளிப்படை. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த கிரிக்கெட் வீரர் நடராஜன் இடது கை வேகப்பந்து வீச்சாளர். 2020–21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமானார். இடது கையிலிருந்து வரும் பந்து மட்டையாளருக்குப் பழகாத கோணத்தில் வருகிறது. அணியில் எல்லாரும் வலது கையால் வீசினால் எதிரணிக்கு ஒரே கோணத்துக்குத் தயாரானால் போதும். அவருடைய திறமையோடு இந்த அரிதான தன்மையும் அணிக்குப் பயன்பட்டது.

இதுவரை கையைப் பற்றிச் சொன்னேன். அடுத்துச் சொல்லப்போவது அதைவிடப் பெரியது என்று நினைக்கிறேன். கையைத் தொடைக்கு அடியில் மறைக்கக் கற்ற பிள்ளை, அதோடு நிற்பதில்லை. கருத்தையும் மறைக்கக் கற்றுக்கொள்ளும்.

சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார். ஓர் அட்டையில் ஒரு கோடு, இன்னோர் அட்டையில் மூன்று கோடுகள். முதல் கோட்டின் நீளம் மூன்றில் எதற்குச் சமம் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். சிறு பிள்ளையும் சொல்லிவிடும். தனியாக உட்கார வைத்துக் கேட்டால் நூற்றுக்கு ஒரு தவறுகூட வருவதில்லை. ஆனால் குழுவில் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் ஆஷ் ஏற்பாடு செய்த ஆட்கள். அவர்கள் வேண்டுமென்றே ஒரே தவறான விடையைச் சொல்வார்கள். விவரம் தெரியாத அந்த ஒருவர் என்ன செய்கிறார் என்பதுதான் சோதனை. மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான முறை, அவர்கள் கண்ணால் கண்டதை விட்டுவிட்டுக் கூட்டத்தின் விடையைச் சொன்னார்கள். நாலில் மூன்று பேர் ஒரு முறையாவது அப்படிச் செய்தார்கள்.

இந்தச் சோதனையை எடுத்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த கட்டம். ஆஷ் அந்தக் கூட்டத்தில் ஒரே ஓர் ஆளை மட்டும் சரியான விடையைச் சொல்ல வைத்தார். தவறுகள் நாலில் ஒரு பங்காகக் குறைந்தன. பிறகு அந்த ஓர் ஆளையும், கூட்டம் சொல்வதைவிட இன்னும் தவறான வேறொரு விடையைச் சொல்ல வைத்தார். அப்போதும் மற்றவரின் தவறுகள் வெகுவாகக் குறைந்தன. மாறுபட்டுச் சொன்னவர் சரியாகச் சொன்னாரா என்பது பெரிதாக இருக்கவில்லை. "இங்கே மாறுபடலாம்" என்று அவர் காட்டிவிட்டதே, பக்கத்தில் இருந்தவருக்குத் தன் கண்ணை நம்பும் துணிவைக் கொடுத்தது.

என் வகுப்பில் அந்தப் பையன் கையைத் தூக்குவதை நிறுத்தியபோது நட்டம் அவனோடு முடியவில்லை என்று இதைப் படித்த பிறகுதான் புரிந்தது. அவனைப் பார்த்துக்கொண்டிருந்த மற்ற 40 பிள்ளைகளும் ஒன்றைக் கற்றுக்கொண்டார்கள். வகுப்பில் வித்தியாசமாக எதையும் செய்யக் கூடாது. நான் கரும்பலகையில் கணக்கைத் தவறாகப் போட்டால்கூட "சார், தப்பு" என்று சொல்ல ஆளில்லாத வகுப்பாக அது ஆகியிருந்தது. பள்ளியோ அலுவலகமோ ஆட்சியோ, எங்கும் இதே கதைதான். "இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன் கெடுப்பார் இலானும் கெடும்" என்று வள்ளுவர் சொன்னது இதைத்தான். தவறை இடித்துச் சொல்ல ஆளில்லாதவனைக் கெடுக்கப் பகைவன் வர வேண்டியதில்லை, தானே கெடுவான். இடித்துச் சொல்லும் ஆள் ஐம்பது வயதில் திடீரென்று முளைப்பதில்லை. ஐந்து வயதில் அவர் கையை நாம் என்ன செய்தோம் என்பதில் அவருடைய வளர்ப்பு தொடங்குகிறது.

"ஊருடன் கூடி வாழ்" என்று ஔவையே சொல்லவில்லையா என்று கேட்பீர்கள். சொன்னார். கூடி வாழச் சொன்னார். கூடுவதற்கு வேறு வேறாக இருப்பவர்கள் வேண்டும். நாதசுரமும் தவிலும் கூடினால் மங்கல இசை. அந்தத் தவில்காரரையும் நாதசுரம் ஊதச் சொன்னால் கல்யாண வீட்டில் யாருக்கும் பிடிக்காது.

ஒரே மாதிரி என்பது எங்குமே கூடாது என்று நான் சொல்லவில்லை. காமராசர் காலத்தில் பள்ளிகளில் சீருடை வந்ததே, அதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். பட்டுச் சட்டைக்காரப் பிள்ளையையும் கிழிந்த சட்டைக்காரப் பிள்ளையையும் ஒரே பெஞ்சில் கூச்சமில்லாமல் உட்கார வைத்தது அது. அப்பாவின் பணம் பிள்ளைமேல் தெரிவதை அது மறைத்தது, பிள்ளையின் இயல்பை மறைக்கவில்லை. சாலையில் எல்லாரும் இடப்பக்கமாகத்தான் போக வேண்டும், அதிலும் தனித்தன்மை காட்டக் கூடாது. ஒருவருக்கொருவர் இடையூறு இல்லாமல் இருப்பதற்காக வைத்துக்கொள்ளும் பொது ஒழுங்கு வேறு. உன் கையே தவறு, நீயே தவறு என்று சொல்வது வேறு. சமமாக நடத்துவதையும் ஒன்றுபோல ஆக்குவதையும் நாம் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். இடது கைப் பிள்ளைக்கு வலது கைக் கத்தரிக்கோலைக் கொடுத்துவிட்டு "எல்லாருக்கும் ஒரே கத்தரிக்கோல்தானே கொடுத்தேன்" என்று சொன்ன நான், அன்று சமத்துவம் என்று நம்பியது அநீதியை.

பிள்ளைகள் வளர்ந்த பிறகும் இந்த ஆசை நம்மை விடுவதில்லை. தமிழ்நாட்டில் 500-க்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இருந்த காலம் உண்டு. தெருவில் ஒரு வீட்டுப் பையன் சேர்ந்தால் தெரு முழுவதும் சேர்ந்தது. பின்னாளில் இடங்கள் காலியாகக் கிடந்தன, கல்லூரிகள் மூடப்பட்டன. கடன் வாங்கிப் படிக்க வைத்த பெற்றோர்களில் பலர், பிள்ளைக்கு எது வரும் என்று அதற்கு முன் ஒரு நாள்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை. அதைத் தனியாகவே எழுத வேண்டும், இங்கே வேண்டாம்.

மாமியாரிடம் வருவோம். அவர் பயப்படுவதிலும் பொருள் இருக்கிறது. நம் பேச்சில் வலப்பக்கம் நல்லது, இடப்பக்கம் குறைந்தது. வலது கை சோற்றாங்கை. இடது கைக்கு ஊருக்கு ஊர் ஒரு பெயர், நொட்டாங்கை, பீச்சாங்கை என்று, எதுவும் மரியாதையானதாக இல்லை. புது மருமகள் வலது காலை எடுத்து வைத்துத்தான் வீட்டுக்குள் வர வேண்டும். முறுக்கிக்கொண்டு பேசுபவனை "இடக்குப் பேசுகிறான்" என்கிறோம். ஆனால் அவரிடம் பணிவாக இதையும் சொல்லுங்கள்: தில்லையில் நடராசர் தூக்கிய திருவடி இடது. மதுரை வெள்ளியம்பலத்தில் வலது காலைத் தூக்கி, கால் மாறி ஆடுகிறார். இறைவனையே இரண்டு விதமாகவும் வணங்குகிறோம். திருச்செங்கோட்டில் அம்மைக்குக் கொடுத்த பாதி இடப்பாதி. சச்சின் டெண்டுல்கர் மட்டையைப் பிடிப்பது வலக்கையராக, எழுதுவது இடது கையால். காந்தி 1909-ல் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலில் திரும்பும்போது "இந்திய சுயராஜ்யம்" எழுதினார். வலது கை சோர்ந்ததும் இடது கைக்கு மாற்றிக்கொண்டு, 275 பக்கக் கையெழுத்துப் படியில் 40 பக்கங்களை அந்தக் கையாலேயே எழுதினார்.

சாப்பாட்டைப் பற்றிக் கட்டாயம் கேட்பார். இடது கையை ஒதுக்கியதற்குக் காரணம் சுத்தம். அந்த வழக்கம் தோன்றிய காலத்தில் சோப்பு இல்லை. என் வகுப்பில் இருந்த இடக்கைப் பிள்ளைகள் பலர், எழுதுவது இடது கையால், பந்தியில் சாப்பிடுவது வலது கையால் என்று தாங்களாகவே அமைத்துக்கொண்டார்கள். கைநிறையப் பிசைந்து உண்பதற்கு, எழுதுவதைப் போல நுட்பம் வேண்டியதில்லை. உங்கள் மகளுக்கும் அது எளிதாக வந்தால் சொல்லிக்கொடுங்கள். தடுமாறி அழுதால் விட்டுவிடுங்கள், கையைக் கழுவிவிட்டு எந்தக் கையால் வேண்டுமானாலும் சாப்பிடட்டும். அடியும் மிரட்டலும் மட்டும் வேண்டாம்.

எழுதுவதில் சில உதவிகள் அவளுக்குத் தேவைப்படும். தமிழை இடமிருந்து வலமாக எழுதுகிறோம். வலக்கையரின் கை எழுதிய எழுத்தை விட்டு விலகிப் போகும், இடக்கையரின் கை எழுதியதன்மேலேயே நகரும். எழுதியது மறையும், மை தேய்ந்து உள்ளங்கை ஓரமெல்லாம் நீலமாகும். அதைத் தவிர்க்கத்தான் பல பிள்ளைகள் மணிக்கட்டைக் கொக்கி போல வளைத்து வரிக்கு மேலிருந்து எழுதுகிறார்கள். சிறிது நேரத்தில் கை வலிக்கும். நோட்டை அவள் உடம்புக்கு நேராக வைக்காமல் சற்று இடப்புறம் தள்ளி வையுங்கள். நோட்டின் மேல்பகுதி வலது பக்கமாகச் சாய்ந்திருக்கட்டும். பென்சிலை முனையிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள், அப்போது எழுதுவது கண்ணுக்குத் தெரியும். மணிக்கட்டு வரிக்குக் கீழே நேராக இருக்கட்டும். அவள் கோட்டை இழுப்பதற்குப் பதில் தள்ளி எழுதுவதால் கூர்முனை தாளைக் குத்தும், மென்மையான பென்சில் வாங்கிக்கொடுங்கள். விளக்கு வலப்பக்கமிருந்து வரட்டும், இல்லாவிட்டால் கையின் நிழல் எழுத்தின்மேல் விழும். சில எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி எழுதினால் பதறாதீர்கள். ஐந்து வயதில் வலக்கைப் பிள்ளைகளும் அப்படி எழுதுவார்கள், ஏழு வயதுக்குள் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். எழுத்தின் வடிவம் சரியாக வந்தால் போதும். எங்கே தொடங்கி எந்தப் பக்கம் சுழித்தாள் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம்.

கைவேலை எதைச் சொல்லிக்கொடுப்பதானாலும் பக்கத்தில் உட்காராமல் எதிரில் உட்கார்ந்து செய்து காட்டுங்கள். வலக்கையர் எதிரில் உட்கார்ந்தால், இடக்கைப் பிள்ளைக்குக் கண்ணாடியைப் பார்ப்பதுபோல இருக்கும், அப்படியே பார்த்துச் செய்துவிடும். செருப்பு வார், பொத்தான், கோலம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். உங்கள் மாமியாருக்குப் பூத்தொடுக்கத் தெரிந்திருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை மாலை பேத்தியை எதிரில் உட்கார வைத்து, வாழைநாரும் மல்லிகையுமாகத் தொடுக்கக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். என் பள்ளியில் ஒரு பாட்டி இப்படித்தான் கற்றுக்கொடுத்தார். அந்தச் சிறுமி முழம் முடித்து வந்து காட்டியபோது முடிச்சுகள் மறுபக்கம் விழுந்திருந்தன. பூ உதிரவில்லை.

ஆசிரியையிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவரும் அன்று நான் இருந்ததுபோல நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்கிறார். நாளைக் காலை மகளை விடப் போகும்போது, அவள் கையை மாற்ற வேண்டாம் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டதாகச் சொல்லுங்கள். கூடவே ஒரே ஓர் உதவி கேளுங்கள். அவளைப் பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார வைக்க வேண்டும். நடுவில் உட்கார்ந்தால் அவள் இடது முழங்கையும் பக்கத்துப் பிள்ளையின் வலது முழங்கையும் எழுதும்போதெல்லாம் இடித்துக்கொள்ளும், இரண்டு பேருமே திட்டு வாங்குவார்கள். ஓரத்தில் உட்கார்ந்தால் கை தாராளமாக வெளியே நீளும். அவள் பதில் சொல்லக் கையைத் தூக்கும்போது அது எந்தக் கையாக இருந்தாலும் பெயர் சொல்லிக் கூப்பிடும்படியும் கேட்டுக்கொள்ளுங்கள்.